எட்டு மணிக் கையெழுத்து

பிப்ரவரி 12, புதன்

கல்லூரி ஏற்பாடு செய்த மனநலக் கவுன்சிலர் மேடம் எனக்கும் என் அறையில் இருக்கும் ஹேமாவுக்கும் ஆளுக்கொரு நோட்டு கொடுத்து அனுப்பியிருக்கிறார். மனதில் தோன்றுவதையெல்லாம் தேதி போட்டு எழுத வேண்டுமாம். எழுதினால் பாரம் இறங்குமாம். அட்டையில் ஒரு சூரியகாந்திப் பூ பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. செத்துப்போனது என் அறைத்தோழி, எனக்குச் சிரிக்கிற பூ. என் மனதில் தோன்றுவதை எழுதினால் அந்த மேடம் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவார். அதனால் ஊர் சொல்வதை எழுதப் போகிறேன். ஊருக்குத்தான் இப்போது எல்லாம் தெரிந்திருக்கிறது.

முதலில், நிஜமாகவே தெரிந்தது. யமுனா, இறுதியாண்டு, எங்கள் விடுதி இரண்டாம் மாடி, என் கட்டிலுக்கு எதிர்க்கட்டில். போன வியாழக்கிழமைக்குப் பிறகு அவளைக் காணோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், கல்லூரிக்குப் பின்னால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பழைய கல்குவாரித் தண்ணீரில் கிடந்தாள். ஆடு மேய்க்க வந்த ஓர் அம்மா பார்த்துச் சொல்லியிருக்கிறார். தலையில் ஒரு காயம். போனைக் காணவில்லை. விழுந்தாளா, யாராவது தள்ளினார்களா, எதற்கு அங்கே போனாள், ஒன்றும் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் வாய்.

விடுதிக்கு ஒரு வாரம் விடுமுறை விட்டதால் அருப்புக்கோட்டையில் வீட்டில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு ராஜகனி அக்கா துக்கம் விசாரிக்கிற சாக்கில் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். வயசுப்பிள்ளை தண்ணீரில் கிடந்தால் காதல் தோல்வியைத் தவிர வேறென்ன என்று கேட்டார். என் மாமா அதற்கும் மேலே. உடம்புக்குள் ஒரு கிட்னிகூட இல்லையாம். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தால்தானா, நாலு பேர் சொல்கிறார்களே என்றார். நாலு பேர் பெயரைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்று இந்த நோட்டைத் திறந்தேன். வாய்த்துடுக்கு என்று அம்மா என்னைச் சமையலறைக்குள் தள்ளிவிட்டாள். இரண்டு கிலோ சின்ன வெங்காயம் உரித்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பேப்பரில் வந்துவிட்டது. ‘விடுதிச் சுவர் ஏறிக் குதித்த மாணவி.’ கொட்டை எழுத்து.

எப்படி வந்தார்கள் இந்த முடிவுக்கு? விடுதியின் வெளிக்கேட்டை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். எட்டு மணிக்கு வருகைப் பதிவேடு வரும். வியாழக்கிழமை எட்டு மணிக்கு யமுனா அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஆக எட்டு மணிக்கு உள்ளேதான் இருந்திருக்கிறாள். கேட் பூட்டியிருக்கிறது. ஆக, வெளியே போனது பின்பக்கச் சுவர் வழியாக. ஒரு பெண் எதற்கு இருட்டிய பிறகு சுவர் ஏற வேண்டும்? ஆக, ஒரு பையன். இத்தனை ‘ஆக’வும் தொங்குவது அந்த ஒரு கையெழுத்தில்.

அந்தக் கையெழுத்து நான் போட்டது.

எழுதிவிட்டேன். இனி அடிக்கப் போவதில்லை.

விடுதியில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கைரேகை மெஷின் வைத்தார்கள், ஒரே மாதத்தில் கெட்டுப்போனது, மறுபடி நோட்டே வந்துவிட்டது. வார்டன் வர மாட்டார். ஆயாதான் நோட்டைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக வருவார். ஒருத்தி குளித்துக்கொண்டிருப்பாள், ஒருத்தி மாடியில் போன் பேசிக்கொண்டிருப்பாள். அதனால் முதலாம் ஆண்டு சேர்ந்த மாதமே அறையில் இருக்கிறவர்கள் ஒருவர் கையெழுத்தை ஒருவர் போட்டுப் பழகிவிடுவோம். அதுதான் எங்கள் சினேகிதத்துக்கு முதல் பரீட்சை. யமுனா தன் கையெழுத்தை ஒரு நாள் ஒரு மாதிரி போடுவாள். நான் போட்டால் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும்.

அன்றைக்கு அவள் நாலேகாலுக்குப் போனாள். நாலிலிருந்து ஆறு வரை கேட் திறந்திருக்கும், எதிரே கடைகளுக்குப் போகலாம், நோட்டில் எழுதத் தேவையில்லை. ரெகார்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வரேன்டி என்றாள். வரவில்லை. திண்டுக்கல்லில் அவள் சித்தி வீடு இருக்கிறது. சொல்லாமல் இரண்டு தடவை போயிருக்கிறாள், இரண்டு தடவையும் நான்தான் போட்டேன். எட்டு மணிக்கு ஆயா வந்தபோது கட்டிலை விட்டுக்கூட எழுந்திருக்கவில்லை. என்னுடையது, அடுத்து அவளுடையது. அதைப் பற்றி ஒரு நொடி நினைத்திருந்தால்தானே ஞாபகம் இருக்க.

சனிக்கிழமை போலீஸ்காரர் கேட்டார், எட்டு மணிக்கு அந்தப் பெண் அறையில் இருந்தாளா என்று. ஆமாம் சார் என்றேன். வார்டன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

இப்போது மாற்றிச் சொன்னால் விடுதியை விட்டு வெளியே, ஏப்ரலில் பரீட்சை இல்லை, சென்னையில் கிடைத்திருக்கும் வேலை இல்லை, போலீஸிடம் பொய் சொன்னதற்குத் தனியாக என்னவோ. சொல்லாவிட்டால் யமுனா சுவர் ஏறியவள். நிலவரம் இதுதான். பாரம் ஒன்றும் இறங்கவில்லை, மேடம்.

பிப்ரவரி 14, வெள்ளி

துணி துவைத்தேன். அப்பாவின் வேட்டியில் என் சுடிதார்ச் சாயம் ஏறிவிட்டது.

பிப்ரவரி 15, சனி

யமுனாவின் அம்மா மூன்று தடவை கூப்பிட்டார்கள். எடுக்க முடியவில்லை. சிக்னல் சரியில்லை.

அதே போனில் ஒரு முழு வீடியோ பார்த்தேன். தாடி வைத்த ஓர் ஆள், பின்னால் திகில் இசை, ‘மர்மம் விலகியது’ என்று தலைப்பு. எங்கள் விடுதிச் சுவர் என்று ஒரு சுவரைக் காட்டி, சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, யமுனா கால் வைத்த இடம் இதுதான் என்கிறான். அது எங்கள் சுவரே இல்லை. எங்கள் சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கும். கீழே எழுதினேன்: அண்ணே, இது எந்த ஊர்ச் சுவர்? என்னைத் தடை செய்துவிட்டான். நாலு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள், அத்தனை பேரும் அவளுக்கு அண்ணன் தம்பி மாதிரி புத்தி சொல்லியிருக்கிறார்கள். பெற்றவர்கள் கண்டிக்கவில்லையாம். போனை வாங்கிக் கொடுத்திருக்கக் கூடாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான்கு போலிக் கணக்கு தொடங்கி நான்கிலும் அதே கேள்வியைக் கேட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

விடுதிக்குத் திரும்பிவிட்டேன். யமுனாவின் கட்டிலில் மெத்தை இல்லை, வெறும் பலகை. ஹேமா கரூர்க்காரி, சாது. அறைக்குள் வந்ததும் பலகையைப் பார்த்து அழுதாள். அவள் அழட்டும் என்று நான் பெட்டியை அடுக்கினேன்.

சாப்பாட்டு அறையில் புது ஊகங்கள் சுடச்சுட. சாம்பார் வாளி வைத்திருந்த அண்ணன் குவாரியில் இருக்கும் முனி வருஷத்துக்கு ஒரு ஆளை இழுக்கும் என்றார். போன வருஷம் யாரை இழுத்தது என்று கேட்டேன். போன வருஷம் தண்ணீர் இல்லை என்றார். முனிக்குக்கூட விடுமுறை உண்டு போல. எங்கள் வகுப்புப் பையன்கள் ஆய்வகத்து சார் ஒருவர் மேல் கதை கட்டியிருக்கிறார்கள். பாவம், அவர் அந்த வாரம் முழுக்க மஞ்சள்காமாலையில் ஊரில் கிடந்தார். அதைச் சொன்னதும் மஞ்சள்காமாலை ஒரு நாடகம் என்கிறார்கள்.

எனக்கு ஊகம் ஒன்றும் இல்லையா என்று ஹேமா கேட்டாள். இல்லை என்றேன். போட்டோ எடுக்கப் போய் வழுக்கி விழுந்திருப்பாள் என்பது அவள் எண்ணம். ‘ஆனா செவுரு ஏறி எதுக்குங்க போனா’ என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள். அவள் அந்த வியாழக்கிழமை ஊருக்குப் போயிருந்தாள். நான் கொசுவர்த்தி தேடினேன்.

பிப்ரவரி 19, புதன்

துணை முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு கடிதம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. யமுனா சில மாதங்களாக மன உளைச்சலில் இருந்தாள் என்றும், அடிக்கடி யாருடனோ போனில் தணிந்த குரலில் பேசினாள் என்றும், அறைத்தோழிகளாகிய நாங்கள் கவனித்தோம் என்றும் எழுதியிருந்தது. கீழே எங்கள் இரண்டு பேர் பெயரும் போட்டு, கையெழுத்துக்கு இடம்.

யமுனா போன் பேசினால் பக்கத்துக் கட்டிடத்துக்குக் கேட்கும். தணிந்த குரல் அவளுக்குக் கிடையாது. அதைச் சொன்னேன். துணை முதல்வர் பேனா மூடியைக் கழற்றி என் பக்கம் நகர்த்தினார். இது கல்லூரியின் நற்பெயர் சம்பந்தப்பட்டது, உன் எதிர்காலமும் அதில் இருக்கிறது என்று அன்பாகச் சொன்னார். ‘நான் கண்ணால பாக்காததுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் சார்’ என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் என் திமிரைப் பார்த்துத்தான் முகம் சுருக்கினார், வேறொன்றும் இல்லை. நான் போடாததால் ஹேமாவும் போடவில்லை. வெளியே வந்து எதிர் டீக்கடையில் இருவரும் ஆளுக்கு இரண்டு வடை தின்றோம்.

பிப்ரவரி 22, சனி

இன்று சுவர் ஏறினேன்.

பகல் பதினொரு மணி, நல்ல வெயில். எல்லாரும் ‘ஏறினாள், ஏறினாள்’ என்கிறார்களே, முடியுமா என்று பார்த்துவிடலாம் என்று போனேன். யமுனா என் தோள் உயரம். அலமாரி மேல் இருக்கும் பெட்டியை எடுக்க நாற்காலி போடுவாள். நான் அவளைவிட முக்கால் அடி உயரம். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு குழாய் இருக்கிறது, அதில் கால் வைத்து எக்கினேன். மூன்று தடவை சறுக்கினேன். நாலாவது தடவை கை மேலே எட்டியது, கண்ணாடிச் சில்லு உள்ளங்கையைக் கிழித்தது. துப்பட்டாவைச் சுற்றி மறுபடி முயன்றேன். துப்பட்டாவும் கிழிந்தது.

காவலாளி ஓடிவந்து ‘எறங்கும்மா, எறங்கும்மா’ என்று கத்தினார். அண்ணே, நல்லா பாத்துக்கங்க, என்னால முடியல, அவளால எப்படி முடியும் என்று கேட்டேன். அவர் ரத்தத்தைத் துடைக்கச் சொன்னார். கூட்டம் கூடிவிட்டது. பாருங்கள், பாருங்கள் என்று எல்லாரிடமும் கையைக் காட்டினேன். யமுனாவின் கையில் கீறல் ஒன்றும் இல்லை என்று பேப்பரிலேயே வந்திருந்ததே, அப்புறம் எந்தச் சுவர் என்று கேட்டேன். ஒரு பெண் சொன்னாள், அவன் அந்தப் பக்கமிருந்து ஏணி போட்டிருப்பான். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. அடித்துக்கொள்ள இடது கைதான் மிச்சம் இருந்தது.

நாலு தையல். ஹேமா தலை பின்னிவிட்டாள். பின்னிக்கொண்டே, சுவரில் ஏற முடியாது என்று நிரூபிக்க இத்தனை பாடு படுகிறாயே, எதற்கு என்று கேட்டாள். நீதிக்காக என்றேன்.

பிப்ரவரி 24, திங்கள்

வார்டன் கலாவதி மேடம் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். விடுதியை ஒட்டிய சின்ன வீடு. காபி கொடுத்தார், கையைப் பார்த்தார். சுவர்க் கூத்துக்காகத் திட்டப் போகிறார் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

“அந்த நோட்டுல ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில ‘சரிபார்த்தேன்’னு நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன் நிரோஷா. மூணு வருஷமா ஒரு நாள்கூட ஒரு ரூமுக்குள்ளயும் எட்டிப் பாத்ததில்ல. உனக்கு நான் என்ன சொல்றேன்னு புரியுதுல்ல?”

புரிந்தது. அவருக்கு எப்போது தெரிந்ததோ. அந்த முதல் சனிக்கிழமை போலீஸ்காரர் கேட்டபோதே என் முகத்தில் பார்த்திருக்கலாம். கேட் வழியாக நேரத்தில் போன பெண் திரும்பி வராததை ஒரு முழு நாள் யாரும் கவனிக்கவில்லை என்றால் குற்றம் விடுதியுடையது. சுவர் ஏறினால் குற்றம் பெண்ணுடையது. செத்தவளுக்கு வேலை போகாது, பரீட்சை போகாது. அவர் இப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது, இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது ஓய்வுக்கு என்று மட்டும் சொன்னார். நான் எழுந்து வந்தேன். நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரைத் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நினைத்தேனோ என்னவோ.

பிப்ரவரி 26, புதன்

பிரேதப் பரிசோதனை விவரம் பேப்பரில் வந்திருக்கிறது. உயிர் பிரிந்தது வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில்.

ஒன்பது மணி.

ரெகார்டு நோட்டில் படங்கள் வரைந்தேன். ஆறு, ஏழு, எட்டு வரைந்தேன். ஒன்பதாம் படத்தை விட்டுவிட்டுப் பத்தாம் படத்துக்குப் போயிருக்கிறேன். ஹேமாதான் பார்த்துச் சொன்னாள்.

பிப்ரவரி 27, வியாழன்

தலைவலி. வகுப்புக்குப் போகவில்லை. எட்டு மணிக்கு ஆயா வந்தார். என்னுடையதை மட்டும் போட்டேன். ஹேமா குளியலறையில் இருந்தாள், அவளுடையதையும் போடச் சொல்லி ஆயா நோட்டை நீட்டினார். அவள் வரும்வரை நில்லுங்கள் என்றேன். அவருக்குக் கோபம். இருக்கட்டும்.

மார்ச் 1, சனி

யமுனாவின் அம்மா கூப்பிட்டார்கள். எடுத்தேன்.

பாண்டியம்மாள் என்று பெயர். மானாமதுரைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார்கள். யமுனாவின் அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். விடுதிக்கு வரும்போதெல்லாம் எனக்கும் சேர்த்து எள்ளுருண்டை கொண்டுவருவார்கள். கூப்பிட்டு நலம் விசாரித்தார்கள், என் கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். சுவர் ஏறியது வீடியோவாகி அவர்கள் ஊர் வரைக்கும் போயிருக்கிறது. பிறகு கேட்டார்கள்.

“அவ யாரோட போனான்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்ல தாயி. பேர மட்டும் சொல்லு. நான் யாரையும் ஒண்ணும் செய்ய மாட்டேன். எனக்குத் தெரிஞ்சா போதும்.”

எனக்குத் தெரியாது அம்மா என்றேன். அவர்கள் நம்பவில்லை. அதில் கோபமும் இல்லை, என்னைக் கெஞ்சுகிற மாதிரிதான் பேசினார்கள். பதினாறாம் நாள் காரியம் ஒன்றுமே செய்யவில்லையாம். தாய்மாமன் தடுத்துவிட்டாராம், சுவர் ஏறிப் போனவளுக்கு என்ன காரியம் என்று. இவர்களும் சரி என்று விட்டுவிட்டார்களாம். “எனக்கும் அவ மேல ஆங்காரந்தான் தாயி” என்றார்கள். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாள்ல.”

போனை வைத்தேன். தாடிக்காரன் சொன்னான், என் மாமா சொன்னார், சாம்பார் அண்ணன் சொன்னார், எல்லாரையும் கேலி பண்ணி இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். பெற்றவளை நம்ப வைத்தது அவர்கள் யாருமில்லை. இந்த நோட்டில் என்னைப் பற்றி ஒரு கேலிகூட நான் எழுதவில்லை என்பதை இன்றுதான் கவனித்தேன்.

திங்கட்கிழமை டி.எஸ்.பி. விசாரணைக்கு வருகிறாராம். யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்று பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். அம்மாவைக் கூப்பிட்டு, என் வேலை போனாலும் போகும், அப்பாவிடம் சொல்லிவை என்றேன். ஏன் என்று கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 3, திங்கள்

சொல்லிவிட்டேன்.

டி.எஸ்.பி. ஒரு பெண். முதல்வர் அறையில் உட்கார்ந்திருந்தார். துணை முதல்வரும் வார்டனும் ஓரமாக இருந்தார்கள். நான் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கவில்லை. அவர்கள் காதிலும் விழட்டும் என்றுதான் அப்படியே சொன்னேன். எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டது நான், யமுனா நாலேகாலுக்குக் கேட் வழியாகப் போனவள் திரும்பி வரவே இல்லை, முதலில் போலீஸிடம் நான் சொன்னது பொய்.

துணை முதல்வர் எழுந்தார். இந்தப் பெண் மனநிலை சரியில்லாதவள், சுவர் ஏறிக் கையைக் கிழித்துக்கொண்டவள் என்றார். டி.எஸ்.பி. அவரை உட்காரச் சொன்னார். ஒரு வெள்ளைத்தாளை என் முன் வைத்து யமுனாவின் கையெழுத்தைப் பத்துத் தடவை போடச் சொன்னார். வலது கையில் தையல் பிரித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, வலித்தது. போட்டேன். பத்தும் ஒரே மாதிரி. பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அந்தத் தாளை வார்டனிடம் தள்ளினார். கலாவதி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குத் தெரியாது என்றார், என்னைப் பார்க்காமல்.

டி.எஸ்.பி. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. களைத்துப்போன மாதிரி சாய்ந்துகொண்டார்.

“நாங்க எட்டு மணிக்கு மேல மட்டும்தான் தேடினோம், அதுவும் பின்பக்கம் மட்டும். முன்னாடி இருக்கற டீக்கடை, பஸ் ஸ்டாப் கேமராவெல்லாம் பதினஞ்சு நாள்தாம்மா நிக்கும். லீவு முடிஞ்சு பதினேழாம் தேதி வந்தியே, அன்னைக்குச் சொல்லியிருந்தா அவ எந்தப் பக்கம் போனா, யாரோட போனான்னு பாத்திருக்கலாம். இப்ப அழிஞ்சு போச்சு.”

இனிமேல் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அந்தப் ‘பார்க்கலாம்’ எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் கேட்டார். ஆறு மணிக்குமேல் அவளை யாருமே தேடவில்லையா என்று. அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை.

மார்ச் 5, புதன்

விடுதியிலிருந்து நேற்றே வெளியேற்றிவிட்டார்கள். பரீட்சை பற்றிப் பிறகு முடிவு செய்வார்களாம். சென்னை நிறுவனத்திலிருந்து மிக மரியாதையான ஒரு மின்னஞ்சல். அப்பா வந்து பெட்டியைத் தூக்கினார். பஸ்ஸில் சாத்தூர் வரை ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

தாடிக்காரன் புது வீடியோ போட்டுவிட்டான். சுவர் போய்விட்டது, இப்போது நான். ‘தோழியா, துரோகியா?’ சிவப்பு வட்டத்துக்குள் என் முகம். எனக்கும் யமுனாவுக்கும் ஒரே பையன் மேல் காதலாம், நான்தான் குவாரிக்குக் கூட்டிப்போனேனாம், கையில் இருந்த காயம் அவள் கடித்ததாம். சுவரில் ரத்தம் வடிந்ததை நூறு பேர் பார்த்தார்கள், அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. ராஜகனி அக்கா ஜன்னல் வழியாக என்னைப் பார்க்கிறார். நானும் பார்க்கிறேன். முதலில் கண்ணை எடுப்பது அவர்தான்.

போடட்டும். என் முகத்தை எத்தனை வட்டத்துக்குள் வேண்டுமானாலும் போடட்டும். யமுனா சுவர் ஏறவில்லை.

அம்மா இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. இன்று சோறு போடும்போது, வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்றாள். எனக்குத் தெரிந்திருக்கும் என்றேன். அந்த வசனத்தைத் தூக்கி உலையில் போடு என்றாள். அவள் சொல்வதும் சரிதான். எனக்குத் தெரிந்து இருபத்தைந்து நாள் நன்றாகத்தானே வடை தின்றேன்.

மார்ச் 8, சனி

மானாமதுரை போய் வந்தேன். யாரிடமும் கேட்கவில்லை, யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை.

பாண்டியம்மாள் வீட்டு வாசலில் நாலைந்து உறவுக்காரர்கள் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மீசை வைத்தவர் தாய்மாமன் என்று பார்த்ததுமே தெரிந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள், வீடியோ அங்கேயும் வந்திருக்கும். ஒருவரும் வா என்று சொல்லவில்லை. நான் நேராக உள்ளே போனேன்.

அடுப்படியில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். டி.எஸ்.பி. ஏதோ போனில் சொன்னதாகவும் சரியாக விளங்கவில்லை என்றும் சொன்னார்கள். நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். ஜெராக்ஸ், நாலேகால், ஆயா, கட்டிலை விட்டு எழுந்திருக்காதது, போலீஸிடம் சொன்ன பொய், எடுக்காமல் விட்ட போன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது என்பதையும் சொன்னேன். அவர்கள் அரிசித் தண்ணீரில் கையை வைத்தபடியே கேட்டார்கள்.

“அப்ப அவ செவரு ஏறல.”

“ஏறலம்மா.”

“எங்கிட்ட மறைக்கல.”

“எதையும் மறைக்கல. ஜெராக்ஸ் எடுக்கப் போனா. அதுக்கு மேல யாருக்கும் தெரியாது. இனிமே தெரியவும் தெரியாதும்மா, அதுக்கும் நான்தான் காரணம்.”

தண்ணீரிலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டார்கள். ஏதோ கணக்குப் பார்க்கிற மாதிரி இருந்தது. அந்தக் கணக்கு என்ன என்று எனக்குத் தெரியும். பேப்பரில் ஒன்பது மணி என்று படித்த நாளிலிருந்து தெரியும்.

“நீ கையெழுத்துப் போடாம இருந்தா, எட்டு மணிக்கே புள்ளையக் காணோம்னு தேடியிருப்பாக.”

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். வார்டன் தேடியிருக்க மாட்டார் என்று சொல்லியிருக்கலாம், அதுவும் பொய்யில்லை. அழுதிருக்கலாம், அழுதால் அவர்கள் என்னைத் தேற்றியிருப்பார்கள்.

“ஆமாம்மா” என்றேன். “தேடியிருப்பாங்க. அப்ப உசுரோடதான் இருந்தா.”

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். அடிப்பார்கள் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். எழுந்து உள்ளே போனார்கள். தகரப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. யமுனாவின் போட்டோவோடு வந்தார்கள், பள்ளிக்கூடச் சீருடையில் எடுத்தது, பழைய சேலைக்குள் சுற்றி வைத்திருந்திருக்கிறார்கள். முந்தானையால் துடைத்து ஆணியில் மாட்டினார்கள். கோணலாக இருந்ததை நேராக்கினார்கள். அப்போதுதான் அழுதார்கள், சத்தமே இல்லாமல், சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு. நான் தொடவில்லை.

அழுது முடித்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே பேசினார்கள்.

“வாசல்ல ஒக்காந்திருக்காகள்ல, அவுககிட்ட நீயே போய்ச் சொல்லு. எம்மக செவரு ஏறலன்னு சொல்லு. சொல்லிட்டு அப்படியே போயிரு. இனி இந்த வீட்டுப் பக்கம் வராத தாயி.”

வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் பேச்சு நின்றது. பெயரைச் சொன்னேன், கையெழுத்துப் போட்டது நான்தான் என்று சொன்னேன், யமுனா பகல் வெளிச்சத்தில் கேட் வழியாகப் போனாள், சுவர் ஏறவில்லை என்று சொன்னேன். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து நிற்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். ஒரு கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். தாய்மாமன் மட்டும் காதில் விழாதவர் மாதிரி தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவர் நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.